விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் கெயோர்க் ஃபிரீட்ரிஷ் ஹாஸ் 2000-இல் எழுதிய ‘இன் வேய்ன்’ படைப்பைக் கேட்க நினைக்கிறீர்களா? பஸ்ஸில் மட்டும் வேண்டாம். நான் அப்படித்தான் கெடுத்துக்கொண்டேன். அடையாறு தாண்டுவதற்குள் தலைவலி வந்து இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

இரவு பத்து மணிக்கு மேல், தெருவில் ஆட்டோ சத்தம் அடங்கியதும் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வெறும் பாவனைக்காகச் சொல்லவில்லை. 24 கலைஞர்கள் வாசிக்கும் இந்தப் படைப்பின் சில பகுதிகளில் அரங்கமே முழு இருட்டாக வேண்டும் என்பது ஹாஸின் விதி. கலைஞர்கள் அப்போது நினைவிலிருந்தே வாசிக்கிறார்கள்.

முன்னதாக ஐந்து நிமிடம் தம்புரா கேட்டுக்கொள்ளுங்கள். செல்போன் சுருதிப்பெட்டி போதாது, அசல் தம்புராவின் பதிவாக இருக்கட்டும். மந்தர ஷட்ஜத் தந்தியை, அதாவது கீழ் ‘ஸ’ தந்தியை, மீட்டியதும் அதற்குள்ளிருந்து அந்தர காந்தாரம் என்ற ‘க’ சுரம் தானாக எழும் அல்லவா? அதைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். அத்தகைய இயற்கையான மேல்சுரங்களைத்தான் ஹாஸும் அடுக்கடுக்காகக் கட்டுகிறார். சுரங்களைச் சம இடைவெளியில் வைக்கும் பியானோவின் சுருதி அமைப்போடு அவை உரசும் இடங்களில் காது கூசும், அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கொசுவத்தியை முன்பே ஏற்றிவையுங்கள்.