வெள்ளைச் சேட்டில் மஞ்சள் கறையா? பிளீச் வேண்டாம்

குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து மஞ்சளாகிப்போன பள்ளிக்கூடச் சேட்டுக்குப் பிளீச் போடாதீர்கள். கறை உள்ள இடத்தில் தேசிக்காய்ப் புளியும் உப்புத்தூளும் தடவி, அரை மணித்தியாலம் வெயிலில் விரித்து வையுங்கள். பிறகு நன்றாக அலசிவிட்டு வழமைபோல் சவர்க்காரம் போட்டுத் தோயுங்கள். பழைய கறையென்றால் இரண்டு மூன்று தரம் செய்ய வேண்டிவரும்.

வன்னியில் பல இடங்களில் நிலத்தடித் தண்ணீரில் இரும்பு கலந்திருக்கிறது. வாளியில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சளாக மாறுகிறதே, அதேதான் துணியிலும் படிகிறது. தேசிக்காயின் புளிப்பு அந்தத் துருவைக் கரைக்கும்; பிளீச்சோ இரும்பை இன்னும் துருவாக்கி நூலில் இறுக்கிவிடும். ‘போடப் போட மஞ்சள் கூடுது’ என்று பலர் சொல்வது இதனால்தான். மாரியில் பீலித்தண்ணீர் பிடிக்கிறவர்கள் கடைசி அலசலுக்கு அதையே எடுங்கள், அதில் இரும்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

கிரவல் ரோட்டுச் சேற்றுக்கு இந்த வழி வேண்டாம். அதை முதலில் காயவிட்டு, தூரிகையால் தட்டிவிட்டுத்தான் நனைக்க வேண்டும். பட்டு வேட்டி, சாயத்துணிப் பக்கமும் போகாதீர்கள், நிறம் போகும். முக்கியமாக, தேசிக்காயையும் பிளீச்சையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.