வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதா? கேப்சூல் எண்டோஸ்கோபியால் கண்டறியும் முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாள் முழுவதும் குனிந்தமர்ந்து கொலுசுக்குப் பற்றவைப்பவர்களும், ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிப் பழக் கூடையுடன் சரிவில் இறங்கும் பெண்களும், இடுப்பும் முழங்காலும் கெஞ்சும்போது மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்குவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளையே. கேஸ் மாத்திரையும் சேர்த்துப் போடுவதால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல் வேதிப்பொருளின் உற்பத்தியைத் தடுக்கும் இம்மாத்திரைகள், இரைப்பையின் உட்சவ்வைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் சேர்த்தே குறைத்துவிடுகின்றன. கேஸ் மாத்திரையான ஒமிப்ரசோல் அமிலத்தை அடக்கி இரைப்பையைக் காக்கிறது; அமிலம் சென்றடையாத சிறுகுடலின் பெரும்பகுதிக்கு அதனால் காவல் இல்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த 40 பேர் டைக்ளோஃபெனாக்கை ஒமிப்ரசோலுடன் இரண்டே வாரம் உட்கொண்டபின் கேப்சூல் எண்டோஸ்கோபி வழியாக, அதாவது விழுங்கினால் குடலுக்குள் படமெடுத்துக்கொண்டே செல்லும் சிறு கேமராக் கேப்சூல் வழியாகப் பார்த்தபோது, 68 விழுக்காட்டினரின் சிறுகுடலில் புதிய பாதிப்புகள் காணப்பட்டன.

வயிற்றுவலி இல்லாமலேயே புண் இருக்கலாம் என்பதால் மலத்தைக் கவனியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை தின்றாலும் மலம் கறுக்கும். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்துடன் வெளியேறினால் அது இரத்தக் கசிவாக இருக்கக்கூடும். மயக்கமோ இரத்த வாந்தியோ சேர்ந்தால் கேப்சூலுக்குக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். பழகிய மேட்டில் புதிதாக மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதியுங்கள்.

இரைப்பையைப் பார்க்க வழக்கமான குழாய் எண்டோஸ்கோபியே முதலில் செய்யப்பட வேண்டும். சாதாரண கேப்சூல் இரைப்பையில் தன்போக்கில் உருண்டு செல்வதால் சில பகுதிகளைத் தவறவிடும். கேப்சூலைக் கொண்டு பரிசோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்கவும் முடியாது. குழாய் எண்டோஸ்கோபியும் பெருங்குடல் பரிசோதனையும் சரியாக இருந்தும் இரத்தம் குறைந்துகொண்டே போனால், அப்போதுதான் கேப்சூலின் முறை வருகிறது.

எந்த வலி மாத்திரையை, எத்தனை காலமாகத் தின்கிறீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் காலி அட்டைகளையே கையோடு கொண்டு செல்லுங்கள். நெடுங்காலம் தின்றவர்களின் குடலில் சவ்வுபோல் குறுக்கே வளர்ந்த தழும்பு கேப்சூலைத் தடுத்து நிறுத்திவிடக்கூடும். அத்தகைய ஐயம் இருந்தால், தானாகக் கரையும் சோதனைக் கேப்சூலை முதலில் விழுங்கச் செய்வார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் உட்கொள்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே மருத்துவர் நிறுத்தச் சொல்வார். அது குடலில் கறுப்பாகப் படிந்து படத்தை மறைக்கும். முந்தைய இரவு முதல் சுமார் 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். காலையில் இடுப்பில் பதிவுக் கருவியைக் கட்டிவிட்டுக் கேப்சூலைக் கையில் தருவார்கள். சுமார் 26 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அதன் முனையில் விளக்கு விட்டுவிட்டு மின்னும். தண்ணீருடன் விழுங்கினால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பொதுவாக இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீரும், நான்கு மணி நேரம் கழித்து இட்லி போன்ற இலகுவான உணவும் கொள்ளலாம். எட்டு மணி நேரத்துக்கும் மேலாக எடுக்கப்படும் ஆயிரக்கணக்கான படங்களை மருத்துவர் பார்த்து முடிக்க நேரம் பிடிக்கும்.

கேப்சூல் மலத்துடன் வெளியேறியதா என்று கவனியுங்கள். இரண்டு வாரத்துக்குள் அதைக் காணாவிட்டாலோ, இடையில் வாந்தியும் வயிற்று உப்பசமும் வந்தாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அது வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குச் செல்லக் கூடாது.