அன்னபூர்ணா சுற்று: தோரோங் லா ஏறும் முன் உடம்பைப் பழக்குவது எப்படி?

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் மிக உயரமான இடம் தோரோங் லா கணவாய், 5,416 மீட்டர். நன்றாக நடக்கிறவர்கள்கூட அதற்குக் கீழேயே திரும்புவதுண்டு. கால் வலுவாக இருந்தாலும் உயரத்துக்கு உடம்பு பழக நாள் கொடுத்தே ஆகவேண்டும்.

முதலில் காத்மாண்டு அல்லது பொக்கராவில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டை வாங்கிவிடுங்கள். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. செலவுக்கு நேபாள ரூபாயாகவே எடுத்துப் போங்கள்.

பேசிசஹாரில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடக்கவேண்டும். மாற்றி வந்தால் கணவாய்க்கு மறுபுறமுள்ள முக்திநாத்திலிருந்து ஒரே நாளில் ஏறக்குறைய 1,600 மீட்டர் ஏறவேண்டி வரும்.

சாமே வரை ஜீப்பில் போகலாம், தப்பில்லை. ஆனால் மனாங் வரை ஜீப்பிலேயே போய் இறங்காதீர்கள். பிசாங்கிலிருந்து கீழே போகும் சாலையை விட்டு, கியாரு, ஙாவல் வழியாகப் போகும் மேல்பாதையைப் பிடியுங்கள். மூச்சு வாங்கும், ஆனால் உடம்பு பழகுவது அங்கேதான். எதிரே இரண்டாம் அன்னபூர்ணா முழுசாகத் தெரியும்.

இனி மனாங். உயரம் சுமார் 3,500 மீட்டர். இங்கே கட்டாயம் இரண்டு இரவு தங்குங்கள். ஓய்வு நாள் என்று படுத்துக் கிடக்கக்கூடாது. பகலில் மேலே ஏறிவிட்டு, இரவு கீழே வந்து தூங்கவேண்டும். ஐஸ் லேக் (சுமார் 4,600 மீட்டர்) போய்வரலாம். முடியாவிட்டால் கங்காபூர்ணா ஏரிக்கு மேலேயுள்ள மேடு போதும். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் மேலே போகாதீர்கள், குறையவில்லையென்றால் இறங்கிவிடுங்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும். சீசனில் இமாலய மீட்புச் சங்கத்தின் மனாங் மருத்துவ முகாமில் உயர நோயைப் பற்றி விளக்கம் தருகிறார்கள். தவறாமல் போய்க் கேளுங்கள்.

அடுத்து யாக் கர்க்கா, அப்புறம் தோரோங் பேடி. அதற்கு மேலேயுள்ள ஹை கேம்ப்பை விடப் பேடியில் தூங்குவதே நல்லது என்பேன். தூங்கும் உயரம் சுமார் 400 மீட்டர் குறையும். விடியுமுன் கிளம்புங்கள், நேரம் ஏற ஏறக் காற்று வலுக்கும். பனி கொட்டினால் காத்திருங்கள். 2014 அக்டோபர் பனிப்புயலில் இந்தப் பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

பிற்சேர்க்கை: முழங்கால் வலியைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு இறக்கமும் ஏறக்குறைய 1,600 மீட்டர்தான், ஊன்றுகோல் இரண்டும் வேண்டும். முக்திநாத், 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம். அங்கே 108 தாரைகளில் நீராடுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் விமான நிலையம் உள்ள ஜோம்சோமில் மதியத்துக்குமேல் காற்று பலமாக வீசும் என்பதால் விமானங்கள் காலையில்தான். ரத்தானால் பொக்கராவுக்கு ஜீப், பஸ் உண்டு. கையில் ஒரு நாள் உபரியாக இருக்கட்டும்.