வான் டைக் பிரதி வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

பரோக் காலத்து, அதாவது 17ஆம் நூற்றாண்டு, ஆங்கிலப் பிரபு ஒருவரின் உருவப்படத்தைக் கையால் வரைந்த பிரதியாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் அந்தோணி வான் டைக். 1599இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். 1632இல் லண்டனுக்கு வந்து முதலாம் சார்ல்ஸ் மன்னரின் அரசவை ஓவியரானார். 1641இல் அங்கேயே மறைந்தார். அவர் வரைந்த லெனாக்ஸ் கோமகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முழு உருவப்படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்புப் பட்டு உடை, சரிகைப் பின்னல் கழுத்துப்பட்டை, தோள்வரை புரளும் பொன்னிற முடி, பக்கத்தில் ஒட்டி நின்று அண்ணாந்து பார்க்கும் வேட்டை நாய். இந்தப் படத்தை வைத்தே சொல்கிறேன்.

முதல் தவறு தூரிகையைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மூல ஓவியம் ஏறத்தாழ 216 செ.மீ. உயரம், 128 செ.மீ. அகலம். கடைகளில் கிடைக்கும் 60க்கு 90 கேன்வாஸில் இது அடங்காது. 90 செ.மீ. உயரம் என்றால் அகலம் 53தான் வர வேண்டும். 60 செ.மீ. அகலத்தை நிரப்ப வேண்டுமானால் மேலேயோ கீழேயோ வெட்டியாக வேண்டும். வெட்டினால் காலணி போகும், அல்லது தலைக்கு மேலுள்ள வெற்றிடம் போகும். அந்த வெற்றிடமும் கீழிருந்து பார்ப்பது போன்ற கோணமும் சேர்ந்துதான் மனிதரை அவ்வளவு நெடியவராகக் காட்டுகின்றன. சுவரில் இடம் குறைவு என்றால், முழு உருவத்தைச் சுருக்குவதைவிட, மூலத்திலேயே மார்பளவாக வரையப்பட்ட வேறொரு படத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

அடுத்தது, ஓவியரிடம் கொடுக்கும் படம். இணையத்தில் ஒரே ஓவியம் மஞ்சளாகவும் நீலமாகவும் பல நிறங்களில் கிடைக்கிறது. சில இடங்களில் இடவலம் மாறியும் கிடைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஜேம்ஸ் 1633இல், இங்கிலாந்தின் உயரிய வீரர் குழுவான கார்ட்டர் குழுவில் சேர்க்கப்பட்டவர். அந்தக் குழுவின் பட்டை இடது காலில், முழங்காலுக்குக் கீழே கட்டப்படும். பிரதியில் அது வலது காலில் இருந்தால் படம் திரும்பிவிட்டது என்று பொருள். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கிறது. அங்கிருந்து எடுத்த பெரிய படத்தையே கொடுங்கள்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறு: முகம் சரியாக வந்துவிட்டால் போதும் என்று நினைப்பது. வாங்குபவர் முகத்தை மட்டும் பார்க்கிறார். அது தெரிந்து ஓவியரும் முகத்தில் நாள்களைச் செலவிட்டு உடையை அவசரமாக நிரப்பிவிடுகிறார். ஆனால் இந்த ஓவியத்தின் உயிர் பாதிக்கு மேல் அந்தக் கறுப்புப் பட்டில் இருக்கிறது. குழாயிலிருந்து பிதுக்கிய கறுப்பை அப்படியே பூசினால் மனிதர் இருக்கும் இடத்தில் ஒரு பொத்தல்தான் தெரியும். வெயிலில் காக்கைச் சிறகைப் பாருங்கள்: ஓரிடத்தில் நீலம், ஓரிடத்தில் பழுப்பு, மடிப்பில் மட்டும் முழுக் கறுப்பு. நல்ல பிரதியில் உடையின் நிழல்கள் மெல்லியதாகவும், ஒளி படும் இடங்களின் சாம்பல் தீற்றல்கள் தடிப்பாகவும் இருக்கும். அந்தத் தீற்றல்கள் ஈரம் காயுமுன் ஒரே வீச்சில் விழுந்திருக்க வேண்டும். பயந்து பயந்து தேய்த்த பட்டு கம்பளியாகிவிடும்.

கழுத்துப்பட்டையிலும் இதே கதைதான். நூல் நூலாக மெல்லிய தூரிகையால் வரைந்தால் உழைப்பு தெரியும், துணி தெரியாது. அடியில் சாம்பல் பூச்சு, மேலே ஆங்காங்கே தடித்த வெள்ளைத் தொடுகைகள். கிட்டே போனால் வெறும் புள்ளிகளும் கீற்றுகளும். நாலடி தள்ளி நின்றால் பின்னல்.

கைகளைப் பற்றியும் கேட்டுவாங்குங்கள். வான் டைக்கின் பட்டறை வழக்கத்தை வங்கியாளர் ழபாக் சொன்னதாகப் பிரெஞ்சுக் கலை எழுத்தாளர் ரோஜே தெ பீல் 1708இல் பதிவு செய்திருக்கிறார்: கைகளுக்கென்று தனி ஆள்களை அமர்த்தி அவர் வரைவாராம். அத்தனை அக்கறை! நாயின் தலைமேல் இளைப்பாறும் அந்த வலது கை பிரதியில் மெழுகுக் கையாக வந்தால், பணத்தைக் கொடுக்காமல் திருத்தச் சொல்வதே முறை.

சதை நிறம் சுண்ணாம்பு பூசியது போல வெளிறினால் காரணம் பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளை. 17ஆம் நூற்றாண்டில் ஈய வெள்ளைதான் இருந்தது. சற்று இதமான நிறம் அது. ஈயம் நஞ்சு என்பதால் இன்று பலர் தவிர்க்கிறார்கள், அது நியாயமே. டைட்டானியத்தில் சிறிது காவி கலந்தால் அந்தக் குளிர்ச்சி குறையும்.

அச்சடித்த கேன்வாஸின் மேல் தெளிவான பசையைத் தடவி, கையால் வரைந்தது என்று விற்பவர்களும் உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அச்சுப் புள்ளிகள் தெரிந்துவிடும். அதைவிட, அடிப்பூச்சு, பாதி வேலை, முடிந்த நிலை என மூன்று கட்டங்களிலும் புகைப்படம் அனுப்பும்படி முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

சுருட்டி அனுப்புவதானால் வண்ணப்பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் நசுங்கி விரிசல் விடும். வரைந்து முடித்து ஆறு மாதம் ஆகுமுன் இறுதி வார்னிஷைப் பூச அவசரப்படுத்தாதீர்கள். வான் டைக்கின் கையெழுத்தைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கேன்வாஸின் பின்புறம் மூல ஓவியரின் பெயர், பிரதி என்ற சொல், வரைந்தவரின் பெயர், ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள்.