கவரேஜ் இல்லாத இடத்திலும் இணைய வானொலி: பதிவு செய்து போனில் கேட்பது எப்படி?

இலங்கையின் வடக்கே ஏ9 வீதியை விட்டு மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுப் பாதையில் போகும்போது இணைய வானொலி விட்டுவிட்டுத்தான் கேட்கும். காலபோக நெற்செய்கைக் காலத்தில் வயலுக்கு வரும் யானைக்கும் பன்றிக்கும் இரவுக் காவல் இருக்கிறவர்களின் கொட்டில்கள் பலவற்றில் அதுவும் கிடைப்பதில்லை. விடிய விடிய விழித்திருக்கிற அவர்களுக்குத்தான் ஒரு நாடகமோ நாதஸ்வரக் கச்சேரியோ துணையாக வேண்டும். கவரேஜ் உள்ள இடத்தில் பதிவு செய்து போனில் ஏற்றிவிட்டால், பிறகு எத்தனை தடவை கேட்டாலும் டேட்டா செலவில்லை.

விண்டோஸ் லப்டொப் ஒன்றும், ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளும் போதும். ஓடாசிட்டியை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

திறந்ததும் மேலே 'ஓடியோ செட்டப்' என்ற பொத்தான் தெரியும். அதில் ஹோஸ்ட் என்பதை 'விண்டோஸ் வசாபி' என்று மாற்றுங்கள். பிறகு ரெக்கோர்டிங் டிவைஸ் பட்டியலில், பெயரின் முடிவில் 'லூப்பேக்' என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். மைக்கைத் தெரிவு செய்தால் அறையில் சுற்றும் மின்விசிறியும் பக்கத்து வீட்டுச் சேவலும் சேர்ந்தே பதிவாகும். லூப்பேக் என்றால் கணினிக்குள் ஓடும் ஒலி மட்டும் நேராக வரும்.

அடுத்து, ரெக்கோர்டிங் சனல்ஸ் என்பதை மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி ஆக்குங்கள். பேச்சுக்கு மோனோ தாராளம். காவலில் இருப்பவர்கள் ஒரு காதில் மட்டும்தான் ஹெட்செட் போட வேண்டும், மற்றக் காது வெளிச்சத்தத்துக்குத் திறந்திருக்க வேண்டும். மோனோவில் பதிந்தால் ஒரு காதிலேயே முழுவதும் கேட்கும்.

சரி, இப்போது உலாவியில் வானொலியை ஓடவிடுங்கள். சத்தம் வந்த பிறகு ஓடாசிட்டியின் சிவப்பு வட்டப் பொத்தானை அழுத்துங்கள். அலைக்கோடு அசைந்தால் பதிவாகிறது. தட்டையாகவே ஓடினால் வேறு லூப்பேக்கைத் தெரிவு செய்து பாருங்கள். எதிரொலி கேட்டால் 'சொஃப்ட்வேர் பிளேத்ரூ' என்பதை நிறுத்திவிடுங்கள். வட்ஸ்அப்பையும் மூடிவையுங்கள், அதன் 'டிங்' சத்தமும் உள்ளே போய்விடும். முதலில் ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டு நீண்ட நிகழ்ச்சிக்குப் போவது நல்லது.

முடிந்ததும் சதுரப் பொத்தான். ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஓடியோ' போய் எம்பி3 ஆகச் சேமியுங்கள். 'சேவ் புரொஜெக்ட்' கொடுத்தால் வரும் கோப்பு ஓடாசிட்டிக்குரியது, போனில் பாடாது. பிட் ரேட் (ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு என்பது) கேட்கும் இடத்தில் 'கொன்ஸ்டன்ட்' தெரிவு செய்து, பேச்சு என்றால் 64 கிலோபிட் கொடுங்கள். ஒரு மணி நேரம் ஏறத்தாழ 29 எம்பிதான் வரும். இசைக்கு 128 வையுங்கள், மோனோவை ஸ்டீரியோவாக (இரட்டைத் தட ஒலி) மாற்றியே பதியுங்கள். அப்போது அளவு இரண்டு மடங்காகும். மெமரி கார்ட் சிறியது என்றாலும் நாதஸ்வரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வானொலியின் நேரடி ஸ்ட்ரீம் முகவரி உங்களிடம் இருந்தால் விஎல்சி என்ற இலவச மென்பொருளிலும் பதியலாம். மீடியா மெனுவில் 'ஓப்பன் நெட்வேர்க் ஸ்ட்ரீம்' போய் முகவரியை ஒட்டுங்கள். வியூ மெனுவில் 'அட்வான்ஸ்ட் கொன்ட்ரோல்ஸ்' கொடுத்தால் சிவப்புப் பொத்தான் வரும். கோப்பு வழக்கமாக மியூசிக் கோப்புறையில் இருக்கும்.

பதிந்ததை உங்கள் காதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றிப் பரப்புவது உழைத்துச் செய்த கலைஞர்களின் உரிமையில் கைவைப்பது.

அப்புறம் போனுக்கு ஏற்றுவது. யூஎஸ்பி வயரால் இணைத்து, போனில் வரும் அறிவிப்பில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தொடுங்கள். எம்பி3 கோப்பைப் போனின் மியூசிக் கோப்புறையில் ஒட்டுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர் என்றால் போன் கணினியில் தெரியாது, வயரை மாற்றிப் பாருங்கள். பெயரில் நிகழ்ச்சியையும் திகதியையும் எழுதினால் இருட்டில் தேட வேண்டியதில்லை. வீட்டை விட்டு வெளிக்கிட முன் டேட்டாவை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.