பாத்ரூமில் தண்ணீர் கட்டிப் பார்த்தீர்களா? வீடு கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு பொறியாளரின் சைட்டுக்குப் போயிருந்தேன். மாடி பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டக் கலவை தயாராகிக்கொண்டிருந்தது. "தண்ணீர் கட்டிப் பார்த்தாச்சா?" என்று கேட்டேன். "வாட்டர்ப்ரூஃபிங் கெமிக்கல் ரெண்டு கோட் அடிச்சாச்சு சார், ஒழுகாது" என்றார். இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

கான்கிரீட்டை நனைத்து வையுங்கள், சிமென்ட் மூட்டையை ஈரத்தில் அடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விட்டுவிடுகிறேன்.

பாத்ரூம் சங்கன் ஸ்லாப் (குழாய்கள் போகத் தாழ்த்திப் போடும் தளம்)

நான் தனியாக எடுத்துச் செய்த இரண்டாவது வீடு அது. வாட்டர்ப்ரூஃபிங் கோட் அடித்து முடித்த மறுநாள், பிளம்பர் ஒரு குழாயைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சுவரைத் துளைத்தார். துளையைச் சுற்றிச் சாதாரணக் கலவையை அப்பிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சரி, சின்ன ஓட்டைதானே.

எட்டு மாதம் கழித்து, கீழ் படுக்கையறையின் சீலிங்கில் மஞ்சள் கறை. டைல்ஸ் இடுக்குதான் காரணம் என்று நினைத்து எல்லா இடுக்கையும் சுரண்டி எபாக்ஸி என்ற பசைக் கலவையை வைத்தோம். இரண்டே மாதத்தில் கறை திரும்ப வந்தது. அப்புறம் தரையை உடைத்தால், உள்ளே நிரப்பியிருந்த செங்கல் ஜல்லி முழுக்கத் தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடக்கிறது. கசிந்தது அந்தத் துளை வழியாகத்தான். அதே டைல்ஸ் மறுபடி கிடைக்காததால் பாத்ரூம் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. செலவு என் தலையில். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

வரிசை இதுதான். முதலில் எல்லாக் குழாயும் வந்துவிட வேண்டும். தண்ணீர் வரும் குழாய்களுக்கு அழுத்தச் சோதனையும் முடிய வேண்டும். குழாய் சுவரைத் துளைக்கும் இடங்களைச் கிரவுட்டால், அதாவது காய்ந்தாலும் சுருங்காத கலவையால், அடையுங்கள். மூலைகளை உருட்டிப் பூசி, கோட்டிங்கைத் தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓர் அடியாவது ஏற்றுங்கள். பிறகு வெளியேறும் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் குறித்துக்கொள்ளுங்கள். வாளியில் குறைந்த அளவுதான் தரையிலும் குறைந்திருந்தால் அது ஆவியானது; அதைவிட அதிகம் என்றால் கசிவு. கீழே போய் ஸ்லாபின் அடியையும் பாருங்கள். அதன் பிறகு யாரும் துளை போடக்கூடாது. போட்டால் சோதனை முதலிலிருந்து.

மேலே டைல்ஸ் தரையின் வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) 8 அடிக்கு 1 இஞ்சாவது வேண்டும்.

டைல்ஸ் ஆட்கள் இரண்டு நாள் சும்மா நிற்பார்களே என்று அந்தப் பொறியாளர் தயங்கினார். அவர்களை வேறு அறைக்கு அனுப்பச் சொன்னேன். முகம் சுளித்தார்.

மாடிப்படி

கான்கிரீட் படிகளை எல்லாம் சமமாக 6 இஞ்ச் போட்டுவிடுவார்கள். அப்புறம் தரைக்கு 2 இஞ்ச் பூச்சும் டைல்ஸும், படிக்கு 1 இஞ்ச் கல்லும் வரும். முதல் படி 5 இஞ்ச், கடைசிப் படி 7 இஞ்ச் ஆகிவிடும். கால் தடுக்குவது அங்கேதான். தரை முடியும் மட்டத்தை முடிவு செய்த பிறகு படிக்குப் பலகை அடியுங்கள்.

சுவருக்குள் போகும் பைப்

பூசும் முன், பைப் எங்கே போகிறது என்று பின்னால் தெரிய, அளவு டேப்பைப் பிடித்து வைத்துப் போட்டோ எடுங்கள்.

சன்ஷேடு

அடியில் ஓரத்தை ஒட்டி ஒரு காடி (நீளப் பள்ளம்) விடுங்கள். இல்லையென்றால் மழைத் தண்ணீர் சுவருக்கே திரும்பி வரும்.

ஸ்விட்ச் போர்டு

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் குறிக்காதீர்கள்.