சரி, பிழை போதாது: எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று குறியுங்கள்

விசேட கல்வி அலகில் படிக்கும் பல பிள்ளைகளின் முன்னேற்றம் தவணைப் பரீட்சைப் புள்ளியில் தெரியாது. கொப்பியில் வெறும் 'சரி', 'பிழை' போடாமல், எவ்வளவு உதவி கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். தானாகச் செய்தால் 'த', வாயால் சொன்னால் 'சொ', விரலால் காட்டினால் 'கா', கைபிடித்துச் செய்வித்தால் 'கை'.

20, 50, 100 ரூபாத் தாள்களில் 50ஐ எடுத்துத் தருவதை எடுப்போம். கற்பிக்கத் தொடங்க முன்னரே மூன்று நாள், நாளுக்கு 5 தடவை, உதவியின்றிக் கேட்டுப் பாருங்கள். பிறகு வாரத்தில் இரண்டு நாள் இதே 5 தடவை. கேட்டபின் 10 செக்கன் பொறுத்தே உதவுங்கள். முதல் வாரம் ஐந்தும் 'கை', ஒரு மாதத்தில் மூன்று 'கா', இரண்டு 'சொ' என்றால் அது நல்ல முன்னேற்றம், ஒரு 'த' இல்லாவிட்டாலும். "எங்கட பிள்ளைக்கு ஒண்டும் ஏறுதில்லை" என்று வரும் தாய்க்கு அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுங்கள்.

பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கண்தான். நாம் சரியான தாளைப் பார்த்தால் பிள்ளையும் அதையே தொடும். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். தாள்களை இடம் மாற்றி வையுங்கள். இரண்டே தாள் வைத்தால் பாதித் தடவை ஊகத்திலேயே சரியாகிவிடும். வலிப்பு வந்த நாள், மருந்து மாறிய நாள் என்றால் ஓரத்தில் குறியுங்கள்.

வகுப்பில் ஐந்தும் 'த' ஆனபின், கசங்கிய தாளோடு சிற்றுண்டிச்சாலையில் வேறொரு ஆசிரியர் கேட்கட்டும். களுவாஞ்சிகுடிச் சந்தையிலோ கல்முனைக் கடையிலோ புதுத்தாள் மட்டுமா புழங்குகிறது?